பாட்டெது, இரைச்சலெது?

இசைத்தட்டு என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது, திருவிழாக் காலங்களில் ஒலிபெருக்கிக்காரர் சுழலவிட்ட பன்னிரண்டு அங்குல நெடுந்தட்டாகவோ அதற்கும் முற்பட்ட கிராமபோன் தட்டாகவோ இருத்தல் கூடும். இவை இரண்டுக்கும் அப்பால் ஏழு அங்குல விட்டமுடைய சிறு தட்டொன்றும் உண்டு. 1949 ஆம் ஆண்டிலே ஆர். சீ. ஏ. விக்ரர் என்னும் அமெரிக்கக் கொம்பனி அறிமுகஞ் செய்த அது, நிமிடத்துக்கு 45 முறை சுழல்வது. பக்கத்துக்கு ஒரு பாட்டு மாத்திரமே கொள்வது. இக்கட்டுரை அச்சிறு தட்டுகளுள்ளும் ஒரு குறிப்பிட்ட வகையினைப் பற்றியது. 1960களின் நடுப்பகுதியிலே அமெரிக்கச் சிற்றூர்களின் பதின்வயதினர் தம் கைப்பணத்தைச் செலவிட்டுப் பதிவுசெய்து, சில நூறு பிரதிகளுக்கு மேல் அச்சேறாது மறைந்துபோன பாட்டுகள் அவை. அவற்றைக் 'கராஜ்' இசை என்பர். எல்.எஸ்.டி. போன்ற மனமயக்கப் பொருள்களைச் சூழ்ந்தெழுந்த பண்பாட்டின் சாயல் படிந்த சில, 'சைக்கடெலிக்' என்னும் அடைமொழியையும் பெற்றன.

தமிழ்ச் சங்கத்து மலரிலே இதற்கு என்ன இடம் என்று வினவுவோர் இருப்பர். என் விடுதி அறைத் தோழர்கள் ஏற்கெனவே வினவிவிட்டனர். கலைப்பீடத்தில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் ஒருவன், விடுமுறை நாட்களையெல்லாம் ரெக்சஸ் மாநிலத்துப் பையன்கள் போட்ட கூச்சலைக் கணினியில் ஏற்றுவதிலே கழிப்பது அவர்களுக்கு வேடிக்கையாகப் பட்டது. சுவை காரணமாக மாத்திரம் இதனை நான் செய்யவில்லை. அப்பாட்டுகளுட் பாதி எனக்கு இன்றும் பிடிப்பதில்லை. பொருள் ஒன்று ஒரேயொரு பிரதியாக நம் கையில் எஞ்சும்போது அதனை எவ்வாறு காப்பது, அதில் எதைக் காப்பது என்ற வினா, தட்டொன்றின் வழியாக என்னிடம் வந்தது என்பதே உண்மை.

அத்தட்டு வந்த வழியை முதலிற் சொல்லவேண்டும். என் அப்பப்பாவின் தம்பியைக் குடும்பத்தில் யாவரும் கப்பலப்பா என்றே அழைத்தோம். வடமராட்சியார் கடலோடுவது புதினமன்று. வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 இல் மசாச்சுசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைவரை சென்றடைந்ததை நம் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகுமுன்னரே அறிவர். கப்பலப்பா போனது இயந்திரக் கப்பலில். 1964 இல் ஏறியவர் 1979 இல் ஓய்ந்தார். அவர் 2014 இல் மறைந்தபின் அவரது றங்குப்பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. 1987 இன் குண்டுவீச்சுக்கும் அதற்குப் பிந்திய யாவற்றுக்கும் தப்பிய பெட்டி அது. அதனுள்ளே இரண்டு கம்பளிச் சட்டைகளின் கீழே 57 சிறு தட்டுகள் கிடந்தன. வெப்பத்தால் ஆறு வளைந்துபோயின, எஞ்சியவை ஒலித்தன.

பெரும்பாலானவை அக்காலத்துப் பெருங்கொம்பனிகளின் வெளியீடுகள், எங்கும் கிடைப்பவை. பணம் போட்டால் பாட்டிசைக்கும் யூக்பொக்ஸ் இயந்திரங்களிலிருந்து கழற்றப்பட்ட பழைய தட்டுகள் அக்காலத்து அமெரிக்கக் கடைகளில் மலிவாக விலைப்பட்டன. மாலுமியின் சம்பளத்துக்கு ஏற்ற கொள்வனவு அது. ஆனால் 19 தட்டுகள் வேறு வகையின. அவற்றின் கடதாசி உறைகளிலே கப்பலப்பாவின் கையெழுத்தில், பென்சிலால், துறைமுகத்தின் பெயரும் தமிழ் மாதமும் குறிக்கப்பட்டிருந்தன: 'ஹூஸ்ரன் 66 கார்த்திகை', 'கல்வெஸ்ரன் 67 மாசி' என்றவாறாக. சிலவற்றில் ஒரு புள்ளி, சிலவற்றில் இரண்டு, மூன்று. புள்ளி மிகுந்தவை அவருக்குப் பிடித்தவை என்பது என் ஊகம். சுருட்டும் பத்திரிகையுமாகத் திண்ணையில் இருந்த அந்த மனிதர் பாட்டுக் கேட்டதை நான் கண்டதில்லை. அத்தட்டுகளைப் பற்றி என் தந்தையார் ஒருமுறை கேட்டபோது, "உதெல்லாம் பெடியளின்ரை பாட்டு" என்று மாத்திரம் சொன்னாராம். பெடியள் என்ற சொல் நம் ஊரில் வேறு பொருள் பெறுவதற்கு முன் வாங்கப்பட்ட தட்டுகளைப் பற்றி, அது வேறு பொருள் பெற்ற பின் அவர் சொன்ன விடை அது.

அவை உண்மையிலே பெடியளின் பாட்டுகள்தாம். 1964 பெப்ரவரி 9 ஆம் திகதி இரவு, எட் சலிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலே பீற்றில்ஸ் குழுவினர் தோன்றியபோது ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சம் அமெரிக்கர் பார்த்தனர் என்பது பிரசித்தமான கணக்கு. அதன் பின்னர் கிற்றார் வாங்காத பையன் இல்லை என்னும் நிலை நாடெங்கும் தோன்றிற்று. போருக்குப் பிந்திய செழிப்பில் எழுந்த புறநகர் வீடுகளில், காரை நிறுத்துவதற்கென ஓர் அறை வீட்டோடு ஒட்டியிருக்கும். நாம் கராஜ் என்றால் வாகனம் திருத்துமிடத்தைக் கருதுவோம். அவர்கள் கருதுவது அந்த அறையினை. காரை வெளியே விட்டு அவ்வறையில் நால்வர் ஐவர் ஒத்திகை பார்த்ததனாலேயே இவ்விசைக்குப் பின்னாளில் அப்பெயர் வாய்த்தது. எனினும் எல்லாரும் கார் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளல்லர். 1966 ஒக்ரோபரில் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தை எட்டிய 'நைன்ரி சிக்ஸ் ரியர்ஸ்' என்ற பாட்டைப் பாடியவர்கள், பண்ணைக் கூலிக்காக மிச்சிகனுக்கு வந்த மெக்சிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள். பாடகர் தம் பெயராகக் கேள்விக்குறியையே வைத்துக்கொண்டார்! ஊர்ச் சிறு கொம்பனியொன்றின் பெயரில் முதலில் வெளிவந்த அப்பாட்டைப் பிறகே பெரிய கொம்பனியொன்று வாங்கிக்கொண்டது. அந்தப் பாக்கியம் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் கிடைத்தது.

மற்றவர்களின் கதை பெரும்பாலும் ஒன்றுபோலவே அமையும். பாடசாலை நடன நிகழ்ச்சிகளில் வாசித்துச் சேர்த்த பணத்தோடு தகப்பனார் கொடுத்ததையும் கூட்டி, அண்டையிலுள்ள ஒலிப்பதிவு கூடமொன்றை இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு வாடகைக்கு எடுப்பர். இரண்டு பாட்டுகள் பதிவாகும். ஒலிநாடாவைத் தட்டு அச்சிடும் தொழிற்சாலைக்கு அனுப்புவர். கூலிக்கு அச்சிட்டுக் கொடுப்பதற்கென்றே பெருங்கொம்பனிகளும் தனிப் பிரிவுகள் வைத்திருந்தன. சில நூறு பிரதிகள் பெட்டியில் வந்து சேரும். கொஞ்சம் உள்ளூர் வானொலி நிலையத்துக்கு, கொஞ்சம் உறவினருக்கு, மிகுதி நடன மண்டப வாசலில் காரின் பின்பெட்டியிலிருந்து விற்பனைக்கு. ஓராண்டு செல்ல ஒருவன் கல்லூரிக்குப் போவான். கல்லூரிக்குப் போகாதவனுக்கு வியற்நாம் போருக்கான கட்டாய ஆட்சேர்ப்புக் கடிதம் வரும். குழு கலையும். சமூக வரலாற்றைக் கற்பவனுக்கு இந்த ஆட்சேர்ப்புக் கடிதம் முக்கியமானது. 1966, 1967 ஆம் ஆண்டுகளில் இத்தட்டுகள் மழைக்காளான்போல் முளைத்தமைக்கும் மிக விரைவில் அருகியமைக்கும் இசைச்சுவையின் மாற்றத்தை மாத்திரமே காரணங் காட்டும் இரசிகர்களின் விளக்கம் எனக்குப் போதுமானதாகப் படவில்லை.

இவ்விசையின் தரம் பற்றி ஒரு வார்த்தை. இவர்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பது அக்காலத்துப் பெரியோரின் முறைப்பாடு. அது பெரும்பாலும் உண்மை. ஆயினும் அந்தத் தெரியாமையிலிருந்தே சில புதுமைகள் பிறந்தன. ஓறிகன் மாநிலத்துப் போட்லண்ட் நகரில் 1963 இல் கிங்ஸ்மென் குழுவினர் பதிவுசெய்த 'லூயி லூயி'யை எடுத்துக்கொள்வோம். ஒலிவாங்கி உயரத்தில் தொங்கியமையால் பாடகர் அண்ணாந்து கத்தவேண்டியிருந்தது; நடுவிலே கிற்றார் வாசிப்பு முடிந்ததும் அவர் உரிய இடத்துக்கு முன்பாகவே தொடங்கிவிடுவதும் தட்டில் அப்படியே கேட்கும். சொற்கள் விளங்காமையால் அவை ஆபாசமானவை என்று புகார் எழுந்தது. அமெரிக்க மத்திய புலனாய்வுப் பணியகம் விசாரணை நடத்தித் தட்டை வெவ்வேறு வேகங்களில் சுழற்றிக் கேட்டு, எந்த வேகத்திலும் சொற்கள் விளங்கவில்லை என்ற முடிவுக்கு வந்தது. ஓர் அரசாங்கம் பாட்டொன்றை இவ்வளவு கவனத்துடன் கேட்டதற்கு வேறு உதாரணம் நான் அறியேன்.

கப்பலப்பாவின் மூன்று புள்ளி பெற்றவற்றுள் ஒன்று, ரெக்சஸின் ஓஸ்ரின் நகரத்துத் 'தேர்ட்டீன்த் புளோர் எலிவேற்றர்ஸ்' குழுவின் 1966 ஆம் ஆண்டுத் தட்டு. அக்குழுவில் ரொமி ஹோல் என்பவர் மண்சாடி ஒன்றை வாயருகே பிடித்து, ஒலிவாங்கியையும் அதனோடு சேர்த்து, சாடிக்குள்ளே குரலெழுப்பினார். நம் கடம்போலத் தட்டி வாசிப்பதன்று. கடுகிக் குமிழியிடும் ஓர் ஒலி பாட்டு முழுவதும் பின்னே ஓடிக்கொண்டிருக்கும். முதன்முறை கேட்பவர் அதனைத் தட்டின் பழுதென்றே கொள்வர். முன்னணிப் பாடகர் றொக்கி எரிக்சன் 1969 இல் கஞ்சா வைத்திருந்தமைக்காகக் கைதாகி, சிறைக்குப் பதில் மனநோயாளர் வைத்தியசாலைக்குப் போய், 1972 வரை அங்கே அடைபட்டிருந்தார்.

அதே 1972 இலேதான் இப்பாட்டுகளின் இரண்டாம் வாழ்வு தொடங்கியது எனலாம். லெனி கே என்ற இளம் இசைவிமர்சகர், எலெக்ரா கொம்பனிக்காக 27 பாட்டுகளைத் தேர்ந்து, 'நொகெற்ஸ்' என்ற பெயரில் இரட்டை நெடுந்தட்டாகத் தொகுத்தார். ஆறேழு வருடங்களுக்கு முந்திய பாட்டுகளையே அவர் பழம்பொருள்கள் எனப் பெயரிட்டுத் தொகுத்தார் என்பது கவனிக்கத்தக்கது. மறதி அத்துணை விரைவாக வேலை செய்திருந்தது. பிறகு 1978 இல் 'பெபிள்ஸ்' வரிசையும், 1983 இல் 'பாக் புறொம் த கிரேவ்' வரிசையும் தொடங்கின. லெனி கே தொட்டவை ஓரளவு புகழ்பெற்றவை. பின்வந்தோர் எவரும் அறியாத தட்டுகளைத் தேடி அலைந்தனர். 'நொகெற்ஸ்' 1998 இல் நான்கு குறுந்தட்டுகளாக விரிந்தபோது அதிற் பாட்டுகள் 118 ஆயின.

சேகரிப்போரைப் பற்றி எனக்கு இரு மனம். அவர்கள் இல்லையேல் இப்பாட்டுகள் இல்லை. வீட்டு வாசலில் பழம்பொருள் விற்கும் இடங்கள், மூடப்பட்ட வானொலி நிலையங்கள், யூக்பொக்ஸ் முதலாளிகளின் களஞ்சியங்கள் என்று அவர்கள் அலைந்திராவிட்டால் தட்டுகள் குப்பையிற் சேர்ந்திருக்கும். ஏட்டுச்சுவடிகளுக்காக ஊரூராக நடந்த உ. வே. சாமிநாதையரை வணங்கும் நாம் இவர்களை இகழ்வது பொருந்தாது. ஆனால் ஐயர் சுவடியைத் தேடியது அச்சேற்றுவதற்காக. இவர்களுட் சிலரோ, தம்மிடமுள்ள தட்டு ஒன்றே ஒன்றாக இருப்பதில் மகிழ்கின்றனர். இரண்டாவது பிரதி கிடைத்தால் முகம் வாடுகின்றனர். பாட்டின் சிறப்பை விடப் பிரதியின் அருமையே விலையைத் தீர்மானிக்கும் இச்சந்தையிலே, எவரும் வாங்காத பாட்டு எல்லாவற்றிலும் விலையுயர்ந்த பாட்டாகிவிடுகிறது. அதை முதன்முதல் எவரும் வாங்காமல் விட்டமைக்கு நியாயமான காரணம் இருந்திருக்கலாம் என்பதைச் சொன்னால் அவர்கள் சண்டைக்கு வருவர்.

இனி எண்ணிமப்படுத்தும் வேலைக்கு வருகிறேன். கொழும்பில் பழைய மின்பொருள் விற்கும் கடையொன்றில் தட்டுச்சுழலி ஒன்றை வாங்கினேன். அமெரிக்கத் தட்டின் நடுத்துளை ஒன்றரை அங்குலம் அகன்றது. சுழலியின் நடுவில் உள்ள கம்பியோ மெல்லியது. இடைவெளியை நிரப்பும் வட்டத்தை ஊர்த் தச்சர் பூவரசங்கட்டையில் கடைந்து தந்தார். ஒரு மயிரளவும் மையம் விலகக்கூடாது. விலகினால் சுருதி ஏறியிறங்கித் தள்ளாடும். அவர் மூன்று முறை கடைந்தார். மூன்றாவது, கடைகளில் விற்கும் பிளாஸ்ரிக் வட்டத்தை விட நன்றாயிருந்தது.

தட்டு எதனால் ஆனது என்பதை அடுத்துப் பார்க்கவேண்டும். எல்லாச் சிறு தட்டும் வைனில் அன்று. அமெரிக்கத் தொழிற்சாலைகள் சில, ஸ்ரைறீன் என்னும் கடினமான பொருளை அச்சுக்குள் உருக்கிப் பாய்ச்சித் தட்டு வார்த்தன. செலவு குறைவு, ஆனால் பள்ளங்கள் சீக்கிரம் தேய்ந்து, சீறும் ஓசை உண்டாகும். யூக்பொக்ஸின் கனத்த ஊசியிலே நூறு முறை ஓடிய ஸ்ரைறீன் தட்டு, கிழவரின் தொண்டைபோல் ஆகிவிடும். கழுவுவதற்கு வடித்த நீரும் மென்மையான துணியும் போதும். மதுசாரம் அதனருகே போகக்கூடாது. பாட்டு முடிந்தபின் பெயர்ச்சீட்டைச் சூழ்ந்திருக்கும் வெற்று வளையத்திலே சில எண்கள் கீறப்பட்டிருக்கும். லொஸ் ஏஞ்சல்ஸின் மொனார்க் தொழிற்சாலையில் வார்த்தவற்றில் சிறு முக்கோணமும் அதனருகே ஓர் எண்ணும் காணப்படும். அவ்வெண்ணின் வரிசையைக் கொண்டு தட்டு எந்த மாதத்தது என்றே கணிக்கலாம். கல்வெட்டுப் படித்தவருக்கு இதில் ஓர் இன்பம் உண்டு.

ஊசியின் தெரிவே எல்லாவற்றிலும் நுட்பமானது. ஒற்றையலைத் தட்டுகளின் பள்ளத்துக்கு ஏற்ற ஊசிமுனையின் ஆரை ஏறத்தாழ 25 மைக்ரோமீற்றர். பிற்காலத்து இரட்டையலை ஊசி 18 அளவினது. பழைய ஊசிகள் பள்ளத்தின் சுவரில் ஓர் உயரத்தைத் தேய்த்துவிட்டிருந்தால், வேறு அளவான ஊசி அதற்கு மேலோ கீழோ தேயாத இடத்தைத் தொடும். கிழிந்த சுவடியைச் சாய்த்துப் பிடித்து வாசிப்பதுபோல. தடித்த ஊசியைக் கனடாவிலிருந்து என் ஒன்றுவிட்ட அண்ணன் அனுப்பினார். இரு ஊசிகளாலும் ஒவ்வொரு பக்கத்தையும் எடுத்து, விநாடிக்கு 96,000 மாதிரிகள், மாதிரிக்கு 24 பிற்று என்ற அளவிற் பதிந்து வைக்கிறேன். இரண்டரை நிமிடப் பாட்டொன்று ஏறத்தாழ 86 மெகாபைற் இடத்தை எடுத்துக்கொள்கிறது. பாடியவர்களே இவ்வளவு மரியாதையை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இதுவரை சொன்னவை கைத்தொழில். கருத்து வேற்றுமை இதற்குப் பின்னரே எழுகிறது. கணினியிலே இரைச்சலை நீக்கும் மென்பொருள்கள் உண்டு. கீறல், தூசி, சீறல் யாவற்றையும் அவை தாமாகவே கண்டுபிடித்துத் துடைத்துவிடும். ஆனால் இவ்விசையிலே இரைச்சல் என்பது என்ன? 1961 இல் வெளிவந்த மார்ட்டி றொபின்ஸின் நாட்டுப்புறப் பாட்டொன்றிலே, நாஷ்வில் கூடத்து ஒலிக்கலவைப் பொறியின் ஒரு வழி பழுதாகி, கிற்றாரின் ஓசை கிழிந்து உறுமிற்று. அப்பழுது கேட்போருக்குப் பிடித்துப்போயிற்று. அதே பழுதை வேண்டியபோது உண்டாக்கும் சிறு பெட்டி 1962 இல் விற்பனைக்கு வந்தது. 1965 இல் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் அதனைக் கையாண்டபின் கராஜ் பையன்கள் யாவரும் அதை வாங்கினர். ஆக, பழுதே வாத்தியமாகிய ஓர் இசை இது. இங்கே பாடியவர்கள் வேண்டுமென்றே போட்ட இரைச்சலும், பிறகு ஐம்பது ஆண்டுக்காலம் போட்ட இரைச்சலும் ஒரே பள்ளத்தில் கிடக்கின்றன. மென்பொருள் இரண்டையும் ஒன்றாகவே காணும். பிரித்தறியவேண்டியவன் கேட்பவன்.

'கல்வெஸ்ரன் 67 மாசி' என்று குறித்த தட்டிலே இது எனக்கு நேரே எதிர்ப்பட்டது. அக்குழுவின் பெயரை ஈண்டு எழுதுவதற்கில்லை. காரணம் பின்னர் விளங்கும். எந்தத் தொகுப்பிலும் அப்பாட்டை நான் கண்டதில்லை. அதன் இரண்டாம் பக்கத்துப் பாட்டு தொடங்குமுன் நான்கு சிறு சொடுக்குகள் கேட்கும். மென்பொருள் அவற்றைத் தூசி எனக் குறித்து, நீக்கட்டுமா என்று கேட்டது. நிமிடத்துக்கு 45 சுற்றானால் ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் விநாடிக்குச் சற்று மேல், அதாவது 1.33 விநாடி. தட்டுக்குக் குறுக்கே விழுந்த கீறல் எதுவும் அந்த இடைவெளியிலேதான் திரும்பத் திரும்பச் சொடுக்கும். இந்நான்குமோ 0.43 விநாடிக்கு ஒன்றாக ஒலித்தன. பாட்டின் தாளத்தை அளந்தேன். நிமிடத்துக்கு 140 அடி. 60 ஐ 140 ஆல் வகுத்தால் 0.43. அவை தூசி அல்ல. முரசு வாசித்த பையன் தன் இரு குச்சிகளையும் ஒன்றோடொன்று தட்டி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தோழர்களுக்கு எண்ணிக் காட்டுகிறான்.

அன்றிரவு நான் வெகுநேரம் அந்நான்கு சொடுக்குகளையே கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு சாதாரணமானது என்பதைச் சொல்லிவிடவேண்டும். காதலி ஏமாற்றியதைப் பற்றியது, ஏனையவை போலவே. அந்த எண்ணிக்கைதான் அதன் அறைக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது.

இவ்விடத்தில் மூலநாடா இருக்குமே என்று சிலர் கருதலாம். சிறு கூடங்களிலே நாடா விலையுயர்ந்தது. ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவது வழக்கம். பெருங்கொம்பனிகளின் களஞ்சியங்களும் அரண் அல்ல. 2008 யூன் 1 ஆம் திகதி ஹொலிவூட்டின் யூனிவேர்சல் வளாகத்தில் மூண்ட தீயிலே ஏராளமான மூல ஒலிநாடாக்கள் எரிந்தன. 2019 இல் ஒரு பத்திரிகை விரிவாக எழுதிய பிறகே அதன் பாரதூரம் வெளியுலகுக்குத் தெரிந்தது. அழிவின் அளவு பற்றி இன்றும் சர்ச்சை உண்டு. யூன் 1 என்ற திகதியைப் படித்தபோது நான் சற்று நிறுத்தினேன். 1981 இல் மே 31 இரவு இட்ட தீ, யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களை எரித்து முடித்ததும் யூன் 1 இலே. ஒன்று விபத்து, மற்றையது விபத்தன்று. இரண்டையும் சமன்செய்வது என் நோக்கமில்லை. ஆனால் ஒற்றைப் பிரதி என்றால் என்ன என்பதை எவரும் எனக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் ஈழத்துச் சஞ்சிகைகளையும் துண்டுப்பிரசுரங்களையும் ஒன்று விடாது மின்வருடி ஏற்றிவருவதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அழுக்குப் பக்கமானாலும், ஓரத்தில் எவரோ கணக்கு எழுதிய பக்கமானாலும், அதனை அப்படியே ஏற்றவேண்டும் என்பது அங்கே எழுதாத விதி. தட்டிலும் நான் அதையே பின்பற்றுகிறேன்: துடைக்காத பதிவு மூலம்; துடைத்த பதிவு வேண்டுமானால் அதற்கு உரை.

ஏற்றியதை உலகுக்கு வெளியிடலாமா என்பது வேறு வினா. 2018 இல் நிறைவேறிய அமெரிக்கச் சட்டத்தின்படி, 1957 முதல் 1972 பெப்ரவரி நடுப்பகுதி வரை வெளிவந்த ஒலிப்பதிவுகளின் உரிமை 2067 பெப்ரவரி 15 வரை நீடிக்கும். விற்பனைக்கு இல்லாத பழம்பதிவுகளை இலாபநோக்கின்றிப் பயன்படுத்துவதற்குச் சட்டத்திலே ஒரு வாயில் உண்டு; முன்கூட்டியே அறிவித்தல் கொடுக்கவேண்டும். 1966 இல் பதினாறு வயதினனாக இருந்தவனுக்கு 2067 இல் நூற்றுப்பதினேழு வயதாகும். யாருடைய நன்மைக்காக இந்தப் பூட்டு என்று கேட்கத் தோன்றுகிறது. அதே வேளையில், பலரும் செய்வதுபோல் எவரையும் கேளாது இணையத்தில் ஏற்றிவிடவும் எனக்கு மனமில்லை. அவர்கள் பெயரற்ற பழங்காலத்தவர் அல்லர். எழுபதைக் கடந்து எங்கோ பேரப்பிள்ளைகளுடன் இருப்பவர்கள். பதினாறு வயதிற் செய்ததை உலகம் கேட்கவேண்டுமா என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு.

பெயர்ச்சீட்டிலே ஊரின் பெயரும், பாட்டைக் கட்டியவர்களின் இரு குடும்பப் பெயர்களும் இருந்தன. அவ்வூர்ப் பத்திரிகையின் பழைய இதழ்கள் எண்ணிமப்படுத்தப்பட்டிருந்தமையால், பாடசாலை நடன அறிவித்தலொன்றில் குழுவின் பெயர் அகப்பட்டது. அவ்வூர்ப் பொதுநூலகத்துக்கு எழுதினேன். ஐந்து வாரங்களின் பின்னர் முரசு வாசித்தவரிடமிருந்தே பதில் வந்தது. அந்நான்கு சொடுக்குகளும் தம் குச்சிகளே என்றும், வெட்டிவிடுவதாகச் சொன்ன ஒலிப்பதிவாளர் வெட்டாமலே விட்டார் என்றும் எழுதியிருந்தார். பாடியவர் 1967 இல் படைக்கு எடுக்கப்பட்டு, உயிரோடு திரும்பி வந்தும் பின்னர் பாடவில்லையாம், இப்போது இல்லை. ஐவரில் மூவர் எஞ்சியுள்ளனர். அவருடைய சொந்தப் பிரதி வீட்டுக்குள் வந்த வெள்ளத்தில் போயிற்று; மற்றவர்களிடமும் இல்லை. துடைக்காத பதிவையே கேட்டார். வெளியிடுவது பற்றி மற்ற இருவரையும் கேட்டுச் சொல்வதாக எழுதினார். ஒருவர் இணங்கிவிட்டார், மற்றவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. ஆதலால் குழுவின் பெயரும் இங்கே இல்லை.

இலங்கையிலே அத்தட்டு எவ்வாறு இருக்கமுடியும் என்பதையும் அவர் கேட்டிருந்தார். கப்பலப்பாவைப் பற்றியும், உறையிலுள்ள பென்சில் எழுத்தைப் பற்றியும் எழுதி, அதன் படத்தையும் அனுப்பினேன். அந்த உறையில் எத்தனை புள்ளி என்று அடுத்த கடிதத்தில் கேட்டார். இரண்டு.

தட்டைத் திருப்பித் தரும்படி அவர் கேட்கவில்லை. கேளாவிட்டாலும் அனுப்பத்தான் வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. கப்பலப்பா காசு கொடுத்து வாங்கிய பொருள், அது எங்கள் வீட்டிலும் அரைநூற்றாண்டு இருந்த பொருள் என்பது என் கட்சியாயிருந்தது. சித்திரை விடுமுறையில் இருவரும் இதைப் பற்றி நிறையக் கதைத்தோம். ஈற்றில் தட்டை அனுப்புவதென்றும் உறையை நாங்கள் வைத்துக்கொள்வதென்றும் தீர்ந்தது. தடித்த ஊசியினால் இரண்டு பக்கத்தையும் இன்னொரு முறை எடுத்துவிட்டேன். பொதியின் இரு புறமும் பலகை வைத்துக் கட்டாவிட்டால் வழியில் வளைந்துவிடும் என்று அஞ்சலகத்தில் சொன்னார்கள். ஏழு அங்குலத்துக்குச் சற்றுப் பெரிதாக இரண்டு மெல்லிய பலகைகளுக்குத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.